களிமண் தரிசிலும் புல் வளரும்

(வானொலியில் ஆற்றிய வேளாண்மை உரை)



திண்டுக்கல் சமவெளியில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு துண்டு நிலம் கண்ணில் படும். தோட்டத்து ஓரத்திலோ, ஓடைக் கரையிலோ, ஊர் மந்தையை ஒட்டியோ அது கிடக்கும். முக்கால் பங்கு வெறும் தரை. மீதிக் கால் பங்கில் பார்த்தீனியம், கோரை, எருக்கு, சீமைக் கருவேல். மழை பெய்தால் கால் வைக்க முடியாத சேறு. வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதைப் பற்றிக் கேட்டால் உங்களில் பலர் சொல்வது ஒன்றுதான். "அது எதுக்கும் ஆகாத களிமண்ணு சார். எங்க தாத்தா காலத்துல மாடு மேஞ்ச எடமாம். இப்ப ஆடு கூட எறங்காது."

இந்தப் பேச்சிலேயே விடையும் இருக்கிறது. தாத்தா காலத்தில் மாடு மேய்ந்தது என்றால் அன்றைக்கும் அங்கே களிமண்தான் இருந்தது. மண் மாறவில்லை. நாம் அதை நடத்தும் முறைதான் மாறிவிட்டது. ஆகவே நாம் நடத்தும் முறையை மாற்றினால் புல் திரும்பவும் வரும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எதற்காக இந்தப் பாடு?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு, ஈரம் நீக்கிப் பார்த்தால், சுமார் 10 கிலோ தீனி வேண்டும். பங்குனியிலிருந்து ஆனி முடிய நாலு மாதம், அதாவது 120 நாள், நம் பக்கம் பச்சை கிடைப்பது அரிது. ஒரு மாட்டுக்கு 1,200 கிலோ. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு 2,400 கிலோ. இவ்வளவையும் விலை போட்டு வாங்கினால் பால் பணம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையுமே வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட ஆண்டில் தீவன விலை ஏறும், மாட்டு விலை இறங்கும். வீட்டில் பிறந்து வளர்ந்த மாட்டைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மழை பெய்த பிறகு இரண்டு மடங்கு கொடுத்து வேறு மாடு பிடிக்க வேண்டியிருக்கும். சும்மா கிடக்கும் அந்த ஒரு ஏக்கர், வருடத்துக்கு ஒரு டன் காய்ந்த புல் கொடுத்தாலே ஒரு மாட்டைச் சந்தைக்குப் போகாமல் நிறுத்திவிடலாம்.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

களிமண் என்றால் எல்லாம் ஒரே களிமண் அல்ல. இரண்டு எளிய சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை: நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு கூரான இரும்புக் கம்பியை நிலத்தில் அழுத்துங்கள். ஒரு சாண் வரை சுலபமாக இறங்கினால் நல்லது. நாலு விரல் இறங்கியதும் பாறையில் இடித்தது போல் நின்றுவிட்டால், கீழே மண் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஈரக் களிமண்ணில் வருடக் கணக்காக மாடும் டிராக்டரும் மிதித்ததால் வந்த இறுக்கம் இது. அங்கே வேரும் இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது.

இரண்டாவது சோதனை: ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை மெதுவாக அதில் போடுங்கள். கலக்கக் கூடாது. மறுநாள் காலையில் பாருங்கள். கட்டி உதிர்ந்து போயிருந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால், அந்த மண்ணுக்கு வேண்டியது தொழு உரமும் தழையும்தான். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் கலங்கி நின்றால், அந்த மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது, அது களர் என்று சந்தேகப்பட வேண்டும். தோல் பதனிடும் கழிவுநீர் பாய்ந்த நிலங்களிலும் இப்படி இருக்கக்கூடும்.

கலங்கிய மண்ணை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்து மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். களர் என்று முடிவு வந்தால் அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இடுங்கள். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைப் பிடித்துத் தள்ளும். தள்ளிய சோடியத்தை மழைத் தண்ணீர் கழுவிக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆகவே தண்ணீர் வடிய வழி இல்லாத இடத்தில் ஜிப்சம் போட்டுப் பயன் இல்லை. களர் இல்லாத களிமண்ணுக்கு ஜிப்சம் தேவையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார் என்பதற்காக நாமும் போடக் கூடாது.

செய்யக் கூடாத மூன்று காரியங்கள்

ஒன்று, மணல் அடிப்பது. "களிமண்ணு இறுக்கமா இருக்கு, ரெண்டு லோடு மணல் அடிச்சா பொலபொலன்னு ஆயிரும்" என்று சிலர் நினைக்கிறார்கள். செங்கல் அறுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். களியும் கொஞ்சம் மணலும் சேர்ந்தால் செங்கல்லுக்குத்தான் நல்ல கலவை! மண்ணின் தன்மை மாற வேண்டுமானால் பாதிக்குப் பாதி மணல் சேர்க்க வேண்டும். அது ஆகிற காரியமா?

இரண்டு, கண்மாய் வண்டல். வண்டல் நல்ல பொருள்தான். நம் மாவட்டத்தின் செம்மண் காடுகளுக்கும் சரளைக் காடுகளுக்கும் அது அமிர்தம். ஆனால் வண்டலே பெரும்பாலும் களிதானே? களிமண் மேல் களியைக் கொட்டினால் இறுக்கம் கூடுமே தவிரக் குறையாது. வண்டலைச் செம்மண்ணுக்குக் கொண்டு போங்கள்.

மூன்று, உப்புக் கரைசல். பார்த்தீனியத்தை அழிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கச் சொல்வது உண்டு. ரோட்டோரத்துக்கு அது சரி. புல் வளர்க்கப் போகிற களிமண்ணில் உப்பை ஊற்றினால், நாமே களர் உண்டாக்கியவர்கள் ஆவோம்.

களை சொல்லும் சேதி

களையைத் திட்டுவதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கோரை அடர்ந்த இடம் தண்ணீர் தேங்கும் இடம். அங்கே முதலில் ஒரு வடிகால் வாய்க்கால் கீற வேண்டும். பார்த்தீனியம் அடர்ந்த இடம் புல் மூடாத வெறும் தரை. வெட்டவெளி கிடைத்தால்தான் அது குடியேறும்.

பார்த்தீனியம் நம் நாட்டுச் செடி அல்ல. 1950களின் நடுவில் புனே பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். ஆகவே பூ விடுவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். தோலில் அரிப்பும் புண்ணும் வரும், சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். பல இடங்களில் அது பரவி மழைக்காலத்தில் ஓரளவுக்கு வேலை செய்கிறது. ஆனாலும் நிரந்தர மருந்து புல்தான். புல் மூடிய தரையில் பார்த்தீனியத்தின் விதைக்கு இடம் கிடைக்காது.

சீமைக் கருவேலை மேலோடு வெட்டினால் பத்துக் கிளையாகத் தழைக்கும். அடித்தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முளைப்புத் திறனோடு வெளியே வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மக்காத எருவை இந்த நிலத்தில் கொட்டாதீர்கள். அது உரத்தோடு சேர்த்துக் களை விதையும் போடுவதாகும்.

உழவும் பசுந்தாள் உரமும்

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பது பழமொழி. இந்த நிலத்துக்கு அது மெத்தப் பொருந்தும். ஆனால் ஆழ உழும்போது அடிக்களியைப் புரட்டி மேலே கொண்டு வரக் கூடாது. அதற்கு ஏற்றது உளிக் கலப்பை. அது மண்ணைப் புரட்டாமல் ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறி இறுக்கத்தை உடைக்கும். சித்திரையில் கோடை மழை பெய்ததும் ஓட்டுங்கள். ஈரப் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு போல் நீண்டால் ஈரம் அதிகம், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். உருட்டும்போது உதிர்ந்தால் அதுதான் பதம். சரிவான நிலமானால் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். கோடை உழவில் மேலே வரும் கோரைக் கிழங்கு வெயிலில் காய்ந்து சாகும். முடிந்த மட்டும் பொறுக்கியும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பசுந்தாள் உரம். களிமண்ணுக்கும் களருக்கும் தண்ணீர் தேங்கலுக்கும் தாங்கக்கூடியது தக்கைப்பூண்டு. ஆடி மாதத்தில் ஒரு மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். அதன் வேர் இறுகிய மண்ணைத் துளைத்து இறங்கும். அதன் நிழல் கோரையை அடக்கும், ஏனென்றால் கோரைக்கு நிழல் ஆகாது. பூ எடுக்கும் சமயத்தில், அதாவது 45 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். அதோடு நன்றாக மக்கிய தொழு உரம் ஏக்கருக்கு 2 டன்னும், சூப்பர் பாஸ்பேட் 100 கிலோவும் இடுங்கள். களிமண் துகள்களை ஒட்ட வைத்துப் பொலபொலப்பான சிறு உருண்டைகளாக ஆக்குவது மக்கிய பொருள்தான். மணல் செய்யாத வேலையைத் தழை செய்யும்.

மடக்கி உழுத பின் இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். தழை மக்கும். மேல் மண்ணில் கிடக்கும் களை விதையும் முளைத்து வரும். அப்போது மேலாக ஒரு ஓட்டு ஓட்டினால் முளைத்த களை எல்லாம் போய்விடும். இந்தப் பொறுமைதான் பாதிக் களையெடுப்புக் கூலியை மிச்சப்படுத்தும்.

எந்த இடத்தில் எந்தப் புல்?

ஒரே நிலத்திலும் மேடு உண்டு, பள்ளம் உண்டு. எல்லா இடத்துக்கும் ஒரே விதை போடக் கூடாது.

மேடான, தண்ணீர் வடியும் இடத்துக்குக் கொழுக்கட்டைப் புல் ஏற்றது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைப் புல் வறட்சியை நன்றாகத் தாங்கும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். ஆனால் ஒரு விஷயம். புதிதாக அறுவடை செய்த விதை ஆறு முதல் எட்டு மாதம் உறங்கும், முளைக்காது. ஆகவே போன வருடத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். அல்லது லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் 48 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். இதோடு ஏக்கருக்கு 2 கிலோ முயல் மசால் விதையைக் கலந்தால் மாட்டுக்குப் புரதச் சத்தும் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். முயல் மசால் விதையின் தோல் கடினமானது. 80 டிகிரி சூடான தண்ணீரில் நாலு நிமிடம் வைத்து எடுத்து, ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்த பின் விதைக்க வேண்டும்.

சமமான களிக்குச் சங்குப்பூ நல்லது. ஆமாம், வேலியில் படர்ந்து நீலப் பூ பூக்குமே, அதேதான். கடினமான களிமண்ணில் நன்றாக வளரும் பயறு வகைத் தீவனம் அது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பகுதியின் களிமண் மேய்ச்சல் காடுகளில் இதைத்தான் விதைக்கிறார்கள்.

பள்ளத்துக்கு அருகம்புல்தான். மழைக்காலத்தில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் ஓடிப் படர்ந்து தரையை மூடும். கொழுக்கட்டைப் புல் தேங்கிய தண்ணீரில் அழுகும், அருகு தாங்கும். பயிர் செய்கிற வயலை ஒட்டி இருந்தால் மட்டும் இடையில் ஒரு அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி விடுங்கள். மந்தையில் புல்லாக இருப்பது வயலில் களையாகிவிடும். வீட்டு வாசலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ பசும்புல் தரை வேண்டும் என்பவர்களுக்கும் இதே முறைதான். உழவுக்குப் பதில் மண்வெட்டி, தக்கைப்பூண்டுக்குப் பதில் மக்கிய குப்பை, அவ்வளவே வித்தியாசம்.

விதைப்பு

நம் மாவட்டத்தில் வருட மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே புரட்டாசிக் கடைசியில் விதைத்து முடித்துவிட வேண்டும். கொழுக்கட்டை விதை பஞ்சு போல் லேசானது, காற்றில் பறக்கும். ஈர மணலோடு கலந்து தூவுங்கள். ஆழமாக மூடக் கூடாது. அரை விரல் ஆழத்துக்கு மேல் போனால் களியைப் பிளந்துகொண்டு முளை வெளியே வர முடியாது. ஒரு முள் கொப்பை இழுத்து விட்டால் போதும். வைக்கோல் கழிவோ சோளத்தட்டையோ இருந்தால் மேலே லேசாகப் பரப்புங்கள். மழைத் துளி அடித்து மேல் மண் ஓடு கட்டாமல் அது காக்கும்.

கையில் விதை குறைவாக இருந்தால் வேர்த்தூர் நடலாம். அரை மீட்டர் வரிசையில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் என்றால் 10 செண்டுக்குச் சுமார் 2,700 தூர் வேண்டும். அந்த 10 செண்டே அடுத்த வருடம் உங்களுக்கு நாற்றங்காலாகும்.

மாட்டை எப்போது விடுவது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதுவரை சொன்ன அத்தனையும் செய்துவிட்டு, தை மாதத்தில் பச்சையைப் பார்த்ததும் ஆட்டையும் மாட்டையும் திறந்துவிட்டால், அடுத்த வருடம் திரும்பவும் பார்த்தீனியம்தான். இலை இருக்கும் அளவுக்குத்தான் வேர் இருக்கும். ஒட்ட மேய்ந்தால் வேரும் குறுகும். வேர் குறுகிய புல் பங்குனி வெயிலைத் தாண்டாது.

முதல் வருடம் மேய்ச்சலே வேண்டாம். புல் பூத்து விதை உதிர்ந்த பிறகு அறுத்துக் கொண்டு வந்து போடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து, புல் ஒரு முழம் வளர்ந்த பின் மாட்டை விடுங்கள். அரைச் சாண் கட்டை நிற்கும்போது வெளியே ஓட்டுங்கள். மழை பெய்து ஈரம் காயாத களியில் ஒரு குளம்பு கூடப் படக் கூடாது. ஒரு நாள் மிதி, உளிக் கலப்பைக்குக் கொடுத்த கூலியை வீணாக்கிவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நம் மாவட்டத்திலேயே வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமும், அடுத்துள்ள கரூர், தாராபுரம், காங்கயம் பக்கமும் இருக்கும் கொறங்காடுகளைப் போய்ப் பாருங்கள். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நடுநடுவே வெள்வேல் மரம் விட்டு, தரையில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து, காட்டைத் தடுத்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். காங்கயம் மாடு பெயர் வாங்கியது இந்தக் காட்டுப் புல்லைத் தின்றுதான். அங்கே மண் செம்மண், சரளை. நமக்கு வாய்த்தது களி. மண்ணுக்கு ஏற்றபடி புல்லை மாற்றிக்கொண்டாலும், தடுத்து மேய்க்கும் முறை இரண்டுக்கும் பொது. உங்கள் ஒரு ஏக்கரையும் நாலாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மூன்று ஓய்வில் இருக்கும்படி செய்யுங்கள்.

சொந்த நிலமானால் முடிவு உங்கள் கையில். ஊர் மந்தையோ மேய்ச்சல் புறம்போக்கோ ஆனால் தனி ஆள் வேலி போட முடியாது, போடவும் கூடாது. கிராம சபையில் பேசி, இந்த வருடம் இந்தப் பாதியைத் தடுப்பது, அடுத்த வருடம் அந்தப் பாதியைத் தடுப்பது என்று ஊர் கூடி முடிவு எடுங்கள். நிலமில்லாமல் இரண்டு ஆடு மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த மந்தைதான் காடு. அவர்களுக்கும் வழி விட்டுத்தான் தடுக்க வேண்டும். அறுத்த புல்லில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டால், காவல் காக்க முதலில் வந்து நிற்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

பெருமக்களே, முதல் வருடமே பச்சைக் கம்பளம் விரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முதல் வருடம் திட்டுத் திட்டாகத்தான் வரும். மூன்றாவது மழைக்குத்தான் தரை மூடும். ஒரேயடியாக ஒரு ஏக்கரில் இறங்கவும் வேண்டாம். இந்த வருடம் 10 செண்டில் செய்து பாருங்கள். அது பிடித்துக்கொண்டால் விதையும் தூரும் உங்கள் கையிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வாருங்கள். வரும்போது மறக்காமல் ஒரு பிடி மண்ணும் எடுத்து வாருங்கள். மண்ணைப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சுக் குறையும், வேலை நடக்கும்.